அலாரம் தலையணை வரை கேட்கிறதா? சவுண்டர் பேஸ் பொருத்துவதும் பராமரிப்பதும் எப்படி?

விடுதியின் நடைபாதையில் தீ அலாரம் அடிக்கிறது. அங்கே நிற்பவருக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஆனால் கதவைச் சாத்தி, மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, போர்வைக்குள் தூங்கும் மாணவருக்கு அது எவ்வளவு கேட்கும்? இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் தொழிலாளிக்கு?

சிம்பாங் பூலாய் போன்ற ஊரில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்கு ஏறும் சாலை பிரியும் இந்த ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகளும் குவாரிகளும் இருக்கின்றன. கல் உடைக்கும் இடத்தின் வெள்ளைத் தூசி ஜன்னல் விளிம்பில் மட்டும் படிவதில்லை, கூரையில் இருக்கும் புகை உணரிக்குள்ளும் போகும். அதனால் தீயே இல்லாமல் அலாரம் அடிக்கும். இரண்டு முறை அப்படி அடித்தால், மூன்றாவது முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டு சிக்கல்களும் சந்திக்கும் கருவிதான் 'சவுண்டர் பேஸ்'. அது என்ன, எங்கே தேவை, எப்படிப் பராமரிப்பது? விளக்கமாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• சவுண்டர் பேஸ் என்பது புகை உணரிக்கு அடியில் பொருத்தப்படும், ஒலி எழுப்பும் அடிப்பாகம். ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் அலாரம் ஒலிக்க இது உதவுகிறது.
• தூங்குபவரை எழுப்ப, படுக்கையின் தலைமாட்டில் 75 டெசிபல் ஒலி இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பிரிட்டிஷ் தரநிலையின் அளவு.
• தூசி, கொசு மருந்துப் புகை, குளியலறை நீராவி ஆகியவை பொய் அலாரத்துக்கு முக்கியக் காரணங்கள்.
• பொய் அலாரம் தொல்லை என்று உணரியைக் கழற்றி வைத்தால், சில அமைப்புகளில் அந்த அறையின் ஒலியும் சேர்ந்து நின்றுபோகும்.

சவுண்டர் பேஸ் என்றால் என்ன?

கூரையில் நீங்கள் பார்க்கும் வட்டமான புகை உணரி, அதாவது ஸ்மோக் டிடெக்டர், உண்மையில் இரண்டு பாகங்கள் கொண்டது. மேலே, கூரையோடு திருகப்பட்டு, ஒயர் இணைக்கப்பட்டிருப்பது பேஸ். அதில் பல்பு மாட்டுவதுபோல் திருகி மாட்டப்படுவது உணரியின் தலை.

சாதாரண பேஸுக்கு ஒயரையும் தலையையும் இணைப்பது மட்டுமே வேலை. சவுண்டர் பேஸில் அதோடு ஒரு சிறிய ஒலிப்பானும் உண்டு. கட்டடத்தின் தீ எச்சரிக்கை பேனல் கட்டளையிட்டதும் அது ஒலிக்கும். சில மாடல்களில் ஒளிரும் விளக்கும் சேர்ந்தே வரும்.

புதிதாக இன்னொரு இடத்தில் துளை போட்டு, தனி சைரன் மாட்டி, தனி ஒயர் இழுக்க வேண்டியதில்லை. உணரி இருக்கும் இடத்திலேயே ஒலியும் வந்துவிடும். தங்கும் விடுதி, ஹோட்டல், முதியோர் இல்லம், தொழிலாளர் குடியிருப்பு போன்ற இடங்களில் இது அதிகம் பயன்படுவதற்கு அதுவே காரணம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டில் மாட்டும் பேட்டரி அலாரமும் இதுவும் ஒன்றல்ல. வீட்டு அலாரத்தில் உணரி, ஒலிப்பான், பேட்டரி எல்லாம் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். சவுண்டர் பேஸோ பேனலோடு இணைந்த ஒரு பெரிய அமைப்பின் உறுப்பு. முதல் மாடிச் சமையலறையில் புகை வந்தால், மூன்றாவது மாடியில் தூங்குபவரின் தலைக்கு மேலும் அது ஒலிக்கும்.

நடைபாதை மணி ஏன் போதாது?

ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்ப்போம்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். மூடிய சாதாரணக் கதவு சுமார் 20 டெசிபலை விழுங்கிவிடும். கனமான தீத்தடுப்புக் கதவு என்றால் சுமார் 30 டெசிபல்.

நடைபாதை சைரன் 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

• 2 மீட்டரில்: 94
• 4 மீட்டரில்: 88
• 8 மீட்டரில்: 82
• அங்கே சாதாரணக் கதவுக்குப் பின்னால்: 62
• தீத்தடுப்புக் கதவுக்குப் பின்னால்: 52

இது தோராயக் கணக்குதான். நடைபாதைச் சுவர்கள் ஒலியை எதிரொலிப்பதால் உண்மையில் இழப்பு கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 52 டெசிபல் என்பது இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தத்தைக்கூட எட்டாது.

இப்போது அதே அறையின் கூரையில் ஒரு சவுண்டர் பேஸ். 1 மீட்டரில் 90 டெசிபல் தரக்கூடியது. படுக்கை 2 மீட்டர் தள்ளி இருந்தால் தலைமாட்டில் சுமார் 84 டெசிபல் கிடைக்கும். கதவு சாத்தியிருந்தாலும் கவலையில்லை. ஏனென்றால் ஒலி பிறப்பதே கதவுக்கு உள்ளே.

பிரிட்டனின் பி.எஸ். 5839-1 தரநிலை பொது இடங்களுக்கு 65 டெசிபலை அடிப்படையாகக் கொள்கிறது. அங்கே ஏற்கெனவே இரைச்சல் இருந்தால், அதைவிட 5 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். தூங்குபவரை எழுப்பும் நோக்கம் இருந்தால் தலைமாட்டில் 75 டெசிபல். அளக்கும்போது கதவுகள் சாத்தியிருக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். கதவைத் திறந்து வைத்து அளந்துவிட்டு 'பாஸ்' போடுவது எளிது. இரவில் யாரும் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதில்லை.

75 டெசிபல் இருந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்களா?

இல்லை. ஒலியின் அளவு மட்டுமல்ல, அதன் சுருதியும் முக்கியம்.

ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டெர்பிஷயர் தீயணைப்புத் துறையும் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தின. 2 முதல் 13 வயது வரையிலான 34 பேர் தூங்கும்போது புகை அலாரம் ஒலிக்கச் செய்யப்பட்டது. 27 பேர் எழவில்லை. பிறகு சுருதியைக் குறைத்து, ஒரு பெண்ணின் குரலில் எச்சரிக்கையும் சேர்த்துச் சோதித்தபோது பெரும்பாலான பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள்.

வழக்கமான சிறிய ஒலிப்பான்கள் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சென்ற ஒலியைத் தருகின்றன. வயதானவர்களுக்கு முதலில் மங்குவது இந்த உயர் சுருதிகளைக் கேட்கும் திறன்தான். ஆக, எளிதில் எழ முடியாத இரு தரப்பினருக்குமே, குழந்தைகளுக்கும் முதியோருக்கும், இந்த ஒலி பொருத்தமானதல்ல.

அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 விதித்தொகுப்பு, ஹோட்டல், விடுதி போன்ற இடங்களின் படுக்கையறைகளுக்கு 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியைக் கேட்பது இதனால்தான். அந்த வகை சவுண்டர் பேஸ்களும் சந்தையில் உண்டு. ஆனால் அவை கூடுதல் மின்சாரம் இழுக்கும். பழைய பேனல் தாங்குமா என்று கணக்குப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

நம் நாட்டில் இது ஏன் முக்கியம்?

2017 செப்டம்பர் 14, விடிவதற்கு முந்தைய நேரம். கோலாலம்பூர், கம்போங் டத்தோ கெராமாட்டில் உள்ள டாருல் குர்ஆன் இத்திஃபாக்கியா சமயப் பள்ளியின் விடுதியில் தீ. 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்த மாணவர்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. வெளியேறும் வழியைத் தீ மறித்துக்கொண்டது.

அதற்கு முன்பு, 1989-இல், கெடா மாநிலத்தில் பொண்டோக் பாக் யா என்று அறியப்பட்ட சமயப் பள்ளி விடுதியில் 27 மாணவிகள் தீயில் இறந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் மறக்க முடியாத ஒரு நாள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் தங்கியிருந்த கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள்.

மூன்றும் மக்கள் ஒன்றாகத் தங்கியிருந்த இடங்கள். இவற்றிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. தூங்குபவருக்கு எச்சரிக்கை சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். எழுந்தவருக்கு வெளியே போக வழி இருக்க வேண்டும். சவுண்டர் பேஸ் முதல் வேலையை மட்டுமே செய்யும். எந்த அலாரமும் ஜன்னல் கம்பியை வெட்டித் தராது, பூட்டிய பின்கதவைத் திறந்து தராது. அலாரம் பற்றிப் பேசும்போது வெளியேறும் வழியையும் சேர்த்தே பேச வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, யு.பி.பி.எல். எனப்படும் 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள். எந்த வகைக் கட்டடத்துக்கு என்ன தீ எச்சரிக்கை வசதி வேண்டும் என்பதை அதன் பத்தாவது அட்டவணை வகைப்படுத்துகிறது. செவித்திறன் குறைந்தவர்கள் இருக்கும் இடங்களில் ஒலியோடு, கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்கிறது 241-ஆவது விதி.

இரண்டு, 1988-ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம், அதாவது சட்டம் 341. இதன்படி குறிப்பிட்ட வகைக் கட்டடங்கள் தீயணைப்புச் சான்றிதழ் பெற்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நம்மவர்கள் 'பொம்பா சர்ட்டிபிகேட்' என்று சொல்வது இதைத்தான்.

கடைவீட்டின் மேல்மாடியைத் தடுத்து அறைகளாக்கி வாடகைக்கு விட்டால் கட்டடத்தின் பயன்பாடே மாறிவிடுகிறது. கீழே கடை, மேலே ஆபீஸ் என்று இருந்த காலத்தில் நடைபாதையில் ஒரு மணி போதுமானதாக இருந்திருக்கலாம். அங்கே ஆட்கள் தூங்கத் தொடங்கிய நாளிலிருந்து அது போதாது. அறை பிரிப்பதற்கு முன்பே ஊராட்சி மன்றத்தையும் தீயணைப்பு மீட்புத் துறையையும் அணுகுவது நல்லது.

பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இது சாதாரண ஒயரிங் வேலை அல்ல. தீயணைப்புத் துறையில் பதிவுபெற்ற குத்தகையாளரிடம் கொடுப்பதுதான் முறை. ஆனால் வேலை சரியாக நடக்கிறதா என்று நீங்களும் பார்க்கலாம்.

1. ஒரே குடும்பமா? பேஸும் உணரியும் பேனலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வேறு கம்பெனி பேஸில் தலை திருகி உட்கார்ந்துவிடலாம், அதற்காகப் பேனலின் கட்டளை அதற்குப் புரியும் என்று அர்த்தமில்லை.

2. மின்சாரம் போதுமா? முகவரி முறையில் இயங்கும் நவீன அமைப்புகளில், எல்லாக் கருவிகளும் ஒரே சுற்று ஒயரிலிருந்து மின்சாரம் எடுக்கும். ஒரு பேஸ் ஒலிக்கும்போது 5 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்றால் 40 அறைகளுக்கு 200 மில்லி ஆம்பியர். சுற்று அதைத் தாங்காவிட்டால், ஓர் அறையில் சோதிக்கும்போது நன்றாக ஒலித்தது, எல்லா அறைகளும் ஒன்றாக ஒலிக்கும்போது தடுமாறும்.

3. பேட்டரி போதுமா? மின்தடை ஏற்பட்டால் 24 மணி நேரம் காத்திருந்து, அதன் பிறகும் 30 நிமிடம் ஒலிக்கும் அளவுக்குப் பேட்டரி வேண்டும் என்பது பிரிட்டிஷ் தரநிலையின் வழக்கமான கணக்கு. பழைய அமைப்பில் சவுண்டர் பேஸ்களைச் சேர்க்கும்போது பேட்டரியை மறந்துவிடுகிறார்கள்.

4. இடம் சரியா? புகை உணரி சுவரிலிருந்து குறைந்தது அரை மீட்டரும், ஏர்கோன் காற்று வெளிவரும் இடத்திலிருந்து 1 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். குளியலறைக் கதவுக்கு நேர் எதிரே வைத்தால் நீராவிக்கெல்லாம் அடிக்கும்.

5. பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா? இணைப்பு மாறினால் சில பேஸ்கள் ஒலிக்கவே ஒலிக்காது. உணரியோ வழக்கம்போல் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும்.

6. முகவரியும் ஒலி அளவும் சரியா? பேஸின் பின்புறம் அல்லது பக்கத்தில் சிறிய சுவிட்சுகள் இருக்கும். ஒலியளவு குறைந்த நிலையில் விடப்பட்டிருக்கலாம். கட்டடம் முழுக்க ஒரே மாதிரி ஒலிதான் வர வேண்டும். ஓர் அறையில் 'பீப் பீப்', இன்னோர் அறையில் 'ஊ...' என்று வந்தால் எது தீ, எது கோளாறு என்றே தெரியாது.

7. மூடியை எடுத்தாயிற்றா? கட்டுமானத் தூசி படாமல் இருக்க உணரிக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி போடுவார்கள். பெயிண்ட் வேலை முடிந்து ஆட்கள் குடியேறிய பிறகும் அந்தத் தொப்பி அப்படியே இருந்தால், அந்த அறைக்கு உணரி இருந்தும் இல்லாததுபோல்தான்.

குவாரித் தூசி என்ன செய்யும்?

இன்று அதிகம் பயன்படும் ஒளிவகைப் புகை உணரிக்குள் ஓர் இருண்ட அறை இருக்கிறது. அதில் ஒரு சிறு விளக்கும், அதன் ஒளி நேராகப் படாத கோணத்தில் ஓர் ஒளி உணரியும் இருக்கும். சாதாரணக் காற்று இருக்கும்போது ஒளி உணரிக்கு எதுவும் தெரியாது. புகைத்துகள் உள்ளே வந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும். சிதறிய ஒளி உணரியில் விழும். உடனே அலாரம்.

சுண்ணாம்புக்கல் தூசியும் ஒளியைச் சிதறடிக்கும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது.

ஆரம்பத்தில் தூசி உள்சுவரில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். கருவி தேவைக்கு மேல் கூர்மையாகிவிடும். கொசுவத்திப் புகை, சமையல் ஆவி எதற்கும் அடிக்கும். பல நவீன அமைப்புகள் இந்தப் படிவைக் கணக்கில் எடுத்துத் தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் பேனலில் 'சுத்தம் செய்யவும்' என்றோ கோளாறு என்றோ செய்தி வரும்.

பிறகு இன்னும் மோசமான கட்டம் வருகிறது. பூச்சி நுழையாமல் தடுக்கும் மெல்லிய வலையைத் தூசி அடைத்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது பசைபோல் ஒட்டிக்கொள்ளும். அப்போது உண்மையான புகை உள்ளே போகவே தாமதமாகும். நேற்று வரை சும்மா அடித்துக்கொண்டிருந்த கருவி, தேவைப்படும் நாளில் மௌனமாக இருக்கலாம்.

சவுண்டர் பேஸின் ஒலி வெளிவரும் துளைகளையும் தூசியும் பெயிண்டும் அடைக்கும். பொருத்திய நாளில் 84 டெசிபல் கிடைத்த தலையணையில் 3 வருடம் கழித்தும் அதே அளவு கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

தூசி மட்டுமல்ல, நம் ஊரில் வேறு எதிரிகளும் உண்டு:

• டிங்கி கொசுவை ஒழிக்க அடிக்கும் மருந்துப் புகை
• ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை
• உணரிக்குள் புகும் எறும்பு, சிலந்தி, சிறு பூச்சிகள்
• உணரியின் பக்கத்தில் அடிக்கும் பூச்சிமருந்து ஸ்ப்ரே
• புகைமூட்ட நாட்களில் ஜன்னல் வழி வரும் நுண்துகள்கள்

"அது சும்மா அடிக்குது லா"

ஒரு விடுதியில் கேட்கக் கூடாத வாக்கியம் இது. கருவி கெட்டுப்போனால் பேனல் காட்டிக்கொடுக்கும். அதன்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டால் எந்த பேனலும் காட்டாது.

பொய் அலாரம் தொல்லை தாங்காமல் சிலர் உணரியின் தலையைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்கள். சிலர் பிளாஸ்டிக் பையால் கட்டி வைப்பார்கள். தன் அறைக்கு மட்டும் செய்கிறோம் என்று நினைப்பு. நடப்பது வேறு.

பல மாடல்களில் சவுண்டர் பேஸுக்குக் கட்டளை போவதே உணரியின் தலை வழியாகத்தான். தலையைக் கழற்றினால் அந்த அறை ஊமையாகிவிடும். கீழ்மாடியில் தீ என்று கட்டடமே அலறினாலும் அந்த ஓர் அறையில் மட்டும் ஒலி வராது. பழைய வகை அமைப்புகள் சிலவற்றில், ஒரு தலையைக் கழற்றினால் அதே ஒயரில் அதற்கடுத்து வரும் உணரிகளும் துண்டிக்கப்படலாம். அடுத்த அறையில் தூங்குபவருக்கு இது தெரியவே தெரியாது.

பேனலில் 'பீப்' என்று கோளாறு ஒலி வரும். அதையும் யாராவது அமுக்கி நிறுத்திவிட்டால் கதை முடிந்தது.

ஆகவே பொய் அலாரம் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி 'எப்படி நிறுத்துவது?' அல்ல, 'ஏன் அடித்தது?' எந்த அறை, என்ன நேரம், அப்போது என்ன நடந்தது என்று ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாலைந்து பதிவுகள் சேர்ந்தாலே காரணம் தெரியத் தொடங்கும். ஒரே அறை என்றால் இடத்தை மாற்ற வேண்டியிருக்கலாம். குவாரிப் பக்கம் ஜன்னல் உள்ள அறைகள் மட்டும் என்றால் தூசி. சாயங்காலம் 7 மணிக்கு என்றால் கொசுவத்தியோ சாம்பிராணியோ.

சமையலறை, துணி உலர்த்தும் இடம், தூசி அதிகமுள்ள கிடங்கு போன்றவற்றில் புகை உணரிக்குப் பதிலாக வெப்ப உணரி வைக்கலாம். ஆனால் படுக்கையறையில் அதையே குறுக்குவழியாக எடுக்கக் கூடாது. வெப்பம் கூரையை எட்டுவதற்கு முன்பே புகை ஆளை மயக்கிவிடும். அங்கே புகையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் கூட்டு உணரி பற்றி டெக்னீஷனிடம் கேளுங்கள். பொருந்தும் மாடலாக இருந்தால் சவுண்டர் பேஸை மாற்றாமல் தலையை மட்டும் மாற்றினால் போதும்.

பராமரிப்பு: எப்போது, என்ன செய்ய வேண்டும்?

வாரம் ஒருமுறை: சிவப்பு அவசரப் பெட்டிகளில் ஒன்றைச் சோதனைச் சாவியால் இயக்கி அலாரம் வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பெட்டி. ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் குடியிருப்பவர்கள் குழம்ப மாட்டார்கள். அந்த நேரத்தில் 'என் அறையில் கேட்கவில்லை' என்று யாராவது சொன்னால் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

6 மாதத்துக்கு ஒருமுறையாவது: தகுதிபெற்ற டெக்னீஷனின் முழுப் பரிசோதனை. இது பிரிட்டிஷ் தரநிலை சொல்லும் வழக்கமான இடைவெளி. குவாரிக்கோ சிமெண்ட், கல்மாவு ஆலைக்கோ பக்கத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரமாகச் செய்வதே புத்திசாலித்தனம். பேனலின் தூசி எச்சரிக்கைகளைப் பார்த்து இடைவெளியை முடிவு செய்யலாம்.

ஆண்டுக்குள்: ஒவ்வொரு உணரியும் ஒவ்வொரு சவுண்டர் பேஸும் ஒருமுறையாவது சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். 'மாதிரிக்கு நாலு பார்த்தோம், எல்லாம் ஓகே' என்பது போதாது.

சுத்தம் செய்யும் முறை இதுதான்:

• அந்தப் பகுதியைப் பேனலில் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். குடியிருப்பவர்களுக்குத் தெரிவியுங்கள். அலாரம் வெளியே கண்காணிப்பு மையத்துக்குப் போகும் என்றால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.
• நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் ஓர் ஆள் அங்கே கண்காணிப்பில் இருக்க வேண்டும்.
• மென்மையான பிரஷ் உள்ள வேக்கும் கருவியால் வெளிப்புறத்தையும் துளைகளையும் சுத்தம் செய்யுங்கள். ஈரத்துணி, சோப்புநீர், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்.
• உள்ளறையைத் திறப்பது தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டுமே, அதுவும் டெக்னீஷன் செய்ய வேண்டும்.
• சோதிக்க அதற்கென்று விற்கும் புகை ஸ்ப்ரேயைப் பயன்படுத்துங்கள். காகிதத்தைக் கொளுத்திக் காட்டுவதும் கொசுவத்தியைப் பிடிப்பதும் கரியைப் படியவைத்துக் கருவியைக் கெடுக்கும்.
• கதவைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, தலையணை இருக்கும் இடத்தில் ஒலியை அளந்து எழுதுங்கள். கைப்பேசி ஆப் ஒரு தோராயம் காட்டும். அதிகாரபூர்வ அளவுக்கு முறையான ஒலிமானி வேண்டும்.
• முடிந்ததும் நிறுத்தி வைத்த பகுதியைத் திரும்ப இயக்குங்கள். இதை மறப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கொசு மருந்து அடிக்க நிறுத்தி வைத்தாலும் இதே விதிதான்.

பல மொழி பேசும் விடுதியில் என்ன செய்வது?

பேராக்கின் ஆலைகளிலும் குவாரிகளிலும் பல நாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். ஒரே மாடியில் தமிழ், மலாய், வங்காளம், நேபாளி, பர்மிய மொழி எல்லாம் கேட்கலாம். தூக்கக் கலக்கத்தில் எழுந்தவருக்கு நோட்டீஸ் படிக்க நேரமில்லை.

'வெளியேறு' என்பதற்கு ஒரு பொது ஒலி வடிவம் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 8201 தரநிலையின்படி மூன்று முறை ஒலித்து, சிறிது நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஒலிப்பது. உங்கள் கட்டடத்தில் எந்த ஒலி வைத்திருந்தாலும், புதிதாக வருபவருக்கு முதல் நாளே அதைக் கேட்கவையுங்கள். கையைப் பிடித்து அழைத்துப்போய் வெளியேறும் வழியைக் காட்டுங்கள். இதற்கு மொழி தேவையில்லை.

செவித்திறன் குறைந்தவர் இருந்தால் ஒளிரும் விளக்குள்ள பேஸ் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். கண்ணை மூடித் தூங்குபவருக்குத் தலையணைக்கடியில் அதிரும் பட்டையும் தேவைப்படலாம்.

நான் டெரஸ் வீட்டில் இருக்கிறேன். எனக்கு இது தேவையா?

தாமானில் உள்ள வீட்டுக்குப் பேனல், சவுண்டர் பேஸ் எல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் அதே தத்துவம் உங்களுக்கும் பொருந்தும். கீழே ஹாலில் ஒரு பேட்டரி அலாரம் மாட்டிவிட்டு, மாடியில் கதவைச் சாத்தி ஏர்கோன் போட்டுத் தூங்கினால் கேட்குமா? ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி ஒயரில்லாமல் இணையும் அலாரங்கள் கிடைக்கின்றன. அவை வீட்டுக்கான சவுண்டர் பேஸ் மாதிரிதான்.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்குத் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம்.

தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பலகைச் சுவர், ஒரே நீளக் கூரை. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசை முழுக்கப் பரவும். அன்று பக்கத்து வீட்டாரின் கூச்சல்தான் அலாரம். சுவர் மெல்லியதாக இருந்ததால் அது கேட்டது. இன்று செங்கல் சுவர், கனமான கதவு, ஏர்கோன். தீ பரவுவது கொஞ்சம் தாமதமாகலாம். பக்கத்து வீட்டுக்காரர் கத்தினால் நமக்குக் கேட்காது.

இன்றே பார்க்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

நீங்கள் விடுதியில் தங்குபவராகவோ வாடகைக்கு விடுபவராகவோ இருந்தால்:

1. உங்கள் அறைக்கூரையில் இருக்கும் உணரிக்குத் தொப்பி, பிளாஸ்டிக் பை, பெயிண்ட் ஏதாவது இருக்கிறதா?
2. அந்த அறைக்குள்ளேயே ஒலி வருமா, அல்லது நடைபாதையில் மட்டுமா? தெரியாவிட்டால் வார்டனிடம் கேளுங்கள்.
3. கடைசியாக எப்போது சோதித்தார்கள்? பதிவுப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று நினைத்தே கேளுங்கள்.
4. பேனலில் மஞ்சள் கோளாறு விளக்கு எரிகிறதா? எத்தனை நாளாக?
5. எழுந்த பிறகு எந்த வழியாக வெளியே போவீர்கள்? அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், முதல் நான்கும் சரியாக இருந்தும் பயனில்லை. தீ என்று தெரிந்தால் முதலில் வெளியே வாருங்கள், பிறகு 999-க்கு அழையுங்கள்.